ஆஸ்துமாவும் வைட்டமின் மாத்திரையும்

ஆஸ்துமா வெறும் மூச்சடைப்பன்று. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நீங்காதிருக்கும் அழற்சியாகும். இழுப்பு இல்லாத நாளிலும் அது அங்கேதான் இருக்கின்றது.

வைட்டமின் 'டி' இவ்வழற்சியைத் தணிக்குமெனப் பலர் நம்பினர். அச்சத்துக் குறைந்த 408 அமெரிக்க நோயாளிகளுள் ஒரு சாராருக்கு அதனையும், மறுசாராருக்கு வெற்று மாத்திரையையும் 28 வாரங்கள் கொடுத்துப் பார்த்தனர். 2014இல் வெளியான முடிவு: நோய் மிகுவது குறையவில்லை. 2016இல் பயனுண்டு என்ற 'காக்ரேன்' ஆய்வுத் தொகுப்பும், 2023இல் 20 ஆய்வுகளை எடைபோட்டுத் தன் கூற்றைத் திருத்திக்கொண்டது. (மெச்சத்தக்க நேர்மை!)

மருத்துவர் எலும்புக்கென எழுதித் தந்தால் தாராளமாக உட்கொள்ளுங்கள். ஆனால் அம்மாத்திரையை நம்பியோ, பழக்கமாகிவிடுமென அஞ்சியோ, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.