இருட்டில் திணறும் லென்ஸுக்கு 2,495 டாலரா? குட்டி 'வைடு' லென்ஸ்களுக்கு ஏன் இந்த மவுசு?

ஜெர்மனியின் லைக்கா நிறுவனம், 1955இல் அறிமுகப்படுத்திய ஒரு லென்ஸை 2016இல் மறுபடியும் தயாரித்து விற்பனைக்குக் கொண்டு வந்தது. பெயர், சம்மரான் 28 மி.மீ. அமெரிக்காவில் அறிமுக விலை 2,495 டாலர். இவ்வளவு காசு கொடுத்தால் இருட்டிலும் பளிச்சுன்னு படம் எடுக்கும் என்று நினைப்போம். அதுதான் இல்லை. வெளிச்சத்தை உள்ளே விடுவதில் இது ரொம்பவே கஞ்சம்! அப்புறம் ஏன் இதைத் தேடி வாங்குகிறார்கள்?

'ஸ்லோ' லென்ஸ் என்றால் என்ன?

லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்வது 'எஃப்' எண். எண் சின்னதாக இருந்தால் துவாரம் பெரியது. சம்மரான் முழுசாகத் திறந்தாலும் எஃப் 5.6 தான். எஃப் 1.4 வரை திறக்கும் லென்ஸோடு ஒப்பிட்டால், உள்ளே வரும் வெளிச்சம் 16இல் ஒரு பங்குதான். அதனால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். ஆகவேதான் 'ஸ்லோ'.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. திறப்பு சின்னது என்றால் கண்ணாடிகளும் சின்னது. சம்மரானின் எடை 165 கிராம். லைக்காவின் 28 மி.மீ. எஃப் 1.4 சம்மிலக்ஸ் லென்ஸ் 440 கிராம்!

ரேஞ்ச்ஃபைண்டருக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?

எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி இல்லை. கேமராவின் மேல் மூலையில் இருக்கும் தனி ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். லென்ஸ் பெரிதாக இருந்தால், அந்த ஜன்னலில் தெரியும் காட்சியின் கீழ் மூலையை அதுவே மறைத்துவிடும். குட்டி லென்ஸில் இந்தத் தொல்லை கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. எஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் அசையும். அதற்கு இடம் விட்டு வடிவமைப்பதால் வைடு லென்ஸ்கள் பெருத்துப் போகும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடியே இல்லை. லென்ஸின் பின்பகுதி ஃபிலிமுக்குப் பக்கத்திலேயே உட்காரலாம்.

ஃபோகஸ் செய்யாமலே படமா?

ஆமாம், இதுதான் முக்கியமான விஷயம். 28 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து, தூரத்தை சுமார் 3.3 மீட்டரில் நிறுத்திவிட்டால், 1.6 மீட்டரில் இருந்து அடிவானம் வரைக்கும் ஓரளவு தெளிவாகவே விழும். தெருவில் ஒரு சிறுவன் பந்தோடு ஓடி வந்தால், கேமராவைத் தூக்கி 'க்ளிக்' செய்தால் போதும். ஃபோகஸைத் திருகிக்கொண்டிருந்தால் அந்த நொடி போயே போய்விடும்.

பெரிய லென்ஸிலும் எஃப் 8 வைக்கலாமே என்று கேட்கலாம். தாராளமாக வைக்கலாம், பலனும் அதேதான். ஆனால் எப்போதும் எஃப் 8இல் எடுப்பவர், திறக்கவே போகாத எஃப் 1.4க்காகக் கூடுதலாக 275 கிராமை ஏன் சுமக்க வேண்டும்? குட்டி லென்ஸின் கவர்ச்சியே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

குறையே இல்லையா?

இருக்கிறது. இரவில் கஷ்டம்தான். டிஜிட்டல் கேமராவில் ஐஎஸ்ஓவை 200இல் இருந்து 3200க்கு ஏற்றினால் அந்த 16 மடங்கு இழப்பைச் சரிக்கட்டலாம், ஆனால் படத்தில் புள்ளிகள் கூடும். பின்னணி மங்கலாகத் தெரியும் போர்ட்ரெய்ட் வேண்டும் என்றால் இது உதவாது. ஃபிலிமுக்கு மிக அருகில் உட்காரும் சில வைடு லென்ஸ்களை டிஜிட்டலில் மாட்டினால், ஓரங்களில் நிறம் மாறுவதும் உண்டு. சம்மரானில் 1 மீட்டருக்குள் இருப்பதை ஃபோகஸ் செய்யவும் முடியாது.

அவ்வளவு காசு இல்லையே?

கவலை வேண்டாம். ஜப்பானின் கோசினா நிறுவனம் 'ஃபோக்ட்லேண்டர்' என்ற பெயரில் 21 மி.மீ. எஃப் 4 கலர்-ஸ்கோபார் போன்ற குட்டி லென்ஸ்களைத் தயாரித்திருக்கிறது. லைக்கா எம் கேமராக்களில் மாட்டக்கூடிய இவற்றின் விலை லைக்கா லென்ஸ்களைவிட நன்றாகவே குறைவு.

வாங்கும் முன் ஒரு சின்ன சோதனை. உங்கள் பழைய படங்களைப் புரட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் பகலில் எடுத்தவையா? அப்படியென்றால் உங்களுக்குத் தேவை பெரிய துவாரம் இல்லை, தினமும் கையோடு எடுத்துப் போகக்கூடிய கேமராதான்.