தொட்டி நிறைந்ததும் குரல் கொடுக்கும் கருவி

பெரியபாளையம் பவானியம்மன் கோயிலைத் தாண்டித் தெருக்களுக்குள் போனால், காலை நேரத்தில் ஏதாவது ஒரு மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கும். மோட்டாரைப் போட்டவர் அடுப்பு வேலையில் மறந்திருப்பார். "டேங்க் வழியுது, மோட்டார நிறுத்துங்க" என்று எதிர்வீட்டிலிருந்து யாராவது கத்திய பிறகுதான் அது நிற்கும். ஆரணியாற்றங்கரை ஊர் என்றாலும் ஆற்றில் தண்ணீர் ஓடுவது சில காலம்தான். மற்ற நாளெல்லாம் போர்வெல்தான் கதி. வழிகிற ஒவ்வொரு குடமும் கரண்ட் செலவு செய்து நிலத்துக்கடியிலிருந்து ஏற்றிய தண்ணீர்.

தொட்டி நிறைந்ததும் கீழே விளக்கெரிந்து சத்தம் போடும் ஒரு சின்னக் கருவி இதற்குப் போதும். பத்து வயதுப் பிள்ளை, பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்தால், ஒரு மாலையில் செய்துவிடும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிற பெற்றோர் எலெக்ட்ரானிக்ஸை எங்கே தொடங்குவது என்று கேட்டால், நான் கை காட்டுவது இந்தக் கருவியைத்தான். வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற ஒன்றைச் செய்யும்போது பிள்ளை அதைப் பாதியில் விட்டுப் போகாது. பாட்டுப் பாடும் பொம்மைக் கிட் ஒன்றை வாங்கிக் கொடுத்தால், படத்தில் இருக்கிறபடி மாட்டுவார்கள், அது பாடும், மறுவாரம் அலமாரிக்குப் போய்விடும். தொட்டி தினமும் நிறைகிறது. கருவி ஒருநாள் வேலை செய்யாவிட்டால் வீட்டில் அத்தனை பேரும் கேட்பார்கள். ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுகிற இடத்தில்தான் படிப்பு நடக்கிறது.

கருவிக்கு வேண்டியவை: பி.சி.547 என்கிற டிரான்சிஸ்டர் ஒன்று, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 470 ஓம், 1000 ஓம் ரெசிஸ்டர்கள் ஒவ்வொன்று, 9 வோல்ட் பேட்டரி, அதற்கான கிளிப், பிரெட்போர்டு, கொஞ்சம் வயர். சத்தம் வேண்டுமென்றால் ஒரு பஸ்ஸர். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும். டிரான்சிஸ்டரும் எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் சில ரூபாய்களுக்குள் அடங்கிவிடும். கூடவே ஒரு மலிவான டிஜிட்டல் மல்டிமீட்டரும் அவசியம் வாங்குங்கள். மொத்தச் செலவில் பெரியது அதுவாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளையின் கையில் பல வருடம் நிற்கப்போவதும் அதுதான்.

இனி இணைப்பு. டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே தொங்கப் பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டரைப் பேட்டரியின் நெகட்டிவில் கொடுக்க வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர் வழியாக எல்.இ.டி.யின் நீண்ட காலுக்கும், அதன் குட்டைக் காலிலிருந்து கலெக்டருக்கும் இணைப்பு. பாசிட்டிவிலிருந்து இன்னொரு வயர் தொட்டியின் அடிக்குப் போகும். தொட்டியின் வாயருகே தொங்கும் மூன்றாவது வயர் 1000 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பேஸுக்கு வரும். அவ்வளவுதான். தண்ணீர் மேலே ஏறி அந்த மூன்றாவது வயரின் நுனியைத் தொட்டதும் விளக்கு எரியும்.

ஏன் எரிகிறது? தொட்டித் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் மிகவும் கஞ்சத்தனமாக. அந்த மின்னோட்டத்தை நேராக எல்.இ.டி.க்குக் கொடுத்தால் நன்றாக எரியாது. இங்கேதான் டிரான்சிஸ்டர் வருகிறது. பூண்டி ஏரியின் மதகை ஓர் ஆள் நின்று திருகுகிறார். அவர் கைக்குக் கட்டுப்பட்டுப் பாய்கிற தண்ணீரோ அவர் பலத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவு. பேஸுக்குள் நுழைகிற சிறு மின்னோட்டம் அந்தக் கை. கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பாய்வது ஏரித் தண்ணீர். பி.சி.547 குறைந்தது 110 மடங்கு பெருக்கித் தரும். நம் எல்.இ.டி.க்கு வேண்டியது சுமார் 14 மில்லி ஆம்பியர். அதை 110-ஆல் வகுத்தால் பேஸுக்கு 0.13 மில்லி ஆம்பியர் போதும் என்று தெரிகிறது. போர்வெல் தண்ணீர் அதைவிடத் தாராளமாகவே தரும்.

அந்த 14 எங்கிருந்து வந்தது என்று பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும். 9 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி. தனக்கென்று 2 வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். டிரான்சிஸ்டரில் ஒரு சொட்டு போகும். மீதி ஏறக்குறைய 6.8 வோல்ட்டை 470-ஆல் வகுத்துப் பாருங்கள். ஓம் விதியை இதற்கு முன்னால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தசம வகுத்தல் எதற்கு என்று முகம் சுளிக்கிற பிள்ளை இந்தக் கணக்கைத் தானே போட்டு, மல்டிமீட்டரில் அளந்து, விடை ஒத்துப்போவதைப் பார்த்தால் பிறகு கணக்கின் மேல் கோபப்படாது.

இந்த டிரான்சிஸ்டரின் வரலாற்றையும் அப்போதே சொல்லிவிடலாம். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்ட்டர் பிராட்டெய்னும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். அவர்களோடு வில்லியம் ஷாக்லிக்கும் சேர்த்து 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பாவின் செல்போனுக்குள் இதே குடும்பத்தைச் சேர்ந்த டிரான்சிஸ்டர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. பிள்ளை விரல் நுனியில் பிடித்திருப்பது அவற்றில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று.

தொட்டிக்குக் கொண்டுபோகும் முன் கருவியை மேசைமேல் வைத்து விளையாட விடுங்கள். நான்கு டம்ளர்களில் போர்வெல் தண்ணீர், ஆர்.ஓ. கேன் தண்ணீர், பிடித்து வைத்த மழைத்தண்ணீர், உப்புக் கரைத்த தண்ணீர். இரண்டு வயர்களையும் ஒவ்வொன்றிலும் முக்கிப் பார்த்தால் வெளிச்சம் வேறுபடும். போர்வெல் தண்ணீரில் பளிச்சென்று எரிகிற விளக்கு மழைத்தண்ணீரில் சோர்ந்துவிடலாம். அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் எழுந்துவிடும். மின்சாரத்தைச் சுமப்பது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகள் என்பதைப் பிள்ளை வெளிச்சத்திலேயே படித்துவிடுகிறது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற உப்பும் இந்த விளக்கைத் தூண்டுகிற உப்பும் ஒரே தண்ணீரிலிருந்து வருபவை என்று அம்மா எடுத்துச் சொன்னால் வேதியியலும் சேர்ந்துகொள்ளும்.

பிறகு டம்ளரே இல்லாமல், விரல்களை நனைத்துக்கொண்டு இரண்டு நுனிகளையும் தொடச் சொல்லுங்கள். விளக்கு எரியும். பிள்ளைக்கு வலிக்காது, ஒன்றும் தெரியாது, 9 வோல்ட்தான். நம் உடம்பும் மின்சாரத்துக்கு வழிவிடுகிறது என்பது அந்த நொடியில் புரிந்துவிடும். சுவரிலிருக்கும் பிளக் 230 வோல்ட் என்று சொல்ல வேண்டிய நேரம் இதுதான். எத்தனை அதட்டலும் இந்தச் சோதனைக்கு ஈடாகாது. வீட்டுப் பாடத்தில் பேட்டரியைத் தாண்டிப் போவதே இல்லை என்று பெற்றோர் உறுதியாக இருக்க வேண்டும். ஆடி மாதம் ஊர் முழுக்கக் கட்டுகிற சீரியல் செட்டுகளைத் தொட்டுப் பார்த்து ஆராய விடாதீர்கள், அவை 230 வோல்ட்டில் ஓடுகிறவை. பழைய பல்பு சீரியல் செட்டின் கணக்கைக் காகிதத்தில் போடலாம். 6 வோல்ட் பல்புகள் 38-ஐ வரிசையாகக் கோத்தால் 228. அதனால்தான் சின்னஞ்சிறு பல்பு சுவர் மின்சாரத்தில் தாங்குகிறது, அதனால்தான் ஒன்று போனால் சரம் முழுக்க அணைகிறது.

இன்னும் சில எச்சரிக்கைகள். பொத்தான் பேட்டரிகளைக் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் திறந்து வைக்கக் கூடாது. விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். செல்போனிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரி வேண்டாம். சால்டரிங் அயர்னைப் பன்னிரண்டு வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் இருக்க, ஜன்னல் திறந்த அறையில் மட்டும் கொடுங்கள். சாதாரண சால்டரில் ஈயம் இருக்கிறது, முடித்ததும் கை கழுவ வேண்டும். அந்த வயது வரும்வரை பிரெட்போர்டே போதும்.

விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் முறையே எரிந்துவிட்டால் நான் கொஞ்சம் வருத்தப்படுவேன். எல்.இ.டி. தலைகீழாக இருக்கலாம். டிரான்சிஸ்டர் திரும்பியிருக்கலாம். பேட்டரி இறங்கியிருக்கலாம். பெரிய பிரெட்போர்டு சிலவற்றில் ஓரத்து நீளக்கோடு நடுவில் அறுந்திருக்கும்; பாசிட்டிவ் ஒரு பாதியில் இருக்க, எல்.இ.டி. மறுபாதியில் காத்திருக்கும். அந்த நேரத்தில் அப்பா கையை நீட்டி வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது. கையைக் கட்டிக்கொண்டு, மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைக்க மட்டும் சொல்லுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவில். சிவப்பு முனையைப் பாசிட்டிவிலிருந்து ஒவ்வொரு புள்ளியாக நகர்த்த வேண்டும். பேட்டரியில் 9 காட்டுகிறதா? எல்.இ.டி.யின் நீண்ட கால்வரை வோல்ட் வருகிறதா? வயர்கள் தண்ணீரில் இருக்கும்போது பேஸில் 0.7-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கலெக்டரில், தண்ணீருக்கு வெளியே இருந்தபோது காட்டிய 7, 8 வோல்ட் சட்டென்று 0.2-க்கும் கீழே விழ வேண்டும். எந்தப் புள்ளியில் எண் பிசகுகிறதோ, கோளாறு அதற்கும் முந்தைய புள்ளிக்கும் நடுவில். தொழிற்சாலையில் பேனல் போர்டைத் திறந்து கோளாறு தேடுகிற எலெக்ட்ரீஷியன் செய்வதும் இதேதான். கண்டுபிடித்ததைப் பிள்ளை தன் நோட்டில் தமிழில் நான்கு வரி எழுதட்டும். என்ன எதிர்பார்த்தேன், என்ன காட்டியது, எங்கே தவறு. இதைவிட நல்ல கட்டுரைப் பயிற்சி எனக்குத் தெரியாது.

கருவி மாடிக்குப் போன பிறகு இன்னொரு கோளாறு மெதுவாக வரும். இரண்டு செம்பு வயர்களில் பாசிட்டிவ் வயரின் நுனி மட்டும் சில வாரங்களில் கறுத்து, பச்சை பூத்து, அரிக்கத் தொடங்கும். மற்றது ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒரே தண்ணீர், ஒரே செம்பு. ஏன் ஒன்று மட்டும்? ஒரே திசையில் ஓடுகிற மின்சாரம் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பைக் கரைத்துத் தண்ணீருக்குள் அனுப்புகிறது. முலாம் பூசுகிற பட்டறையிலும் இதே வேலை நடக்கிறது. குடிக்கிற தண்ணீரில் செம்பு கரையக் கூடாது என்பதால் செம்பு நுனியைத் தண்ணீரில் விடாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளை மாட்ட வேண்டும். மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் கருவிக்கு மின்சாரம் போகும்படி ஒரு சுவிட்ச் வைத்தால் அரிப்பும் குறையும், பேட்டரியும் நிற்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரலாம். பாய்லரிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் நீர்மட்டம் பார்க்கிற எலெக்ட்ரோடு ரிலேக்களும் தண்ணீர் வழியாக மின்சாரம் போவதை வைத்தே வேலை செய்கின்றன. அரிப்பைத் தவிர்க்க அவற்றின் எலெக்ட்ரோடுகளுக்கு டி.சி. கொடுப்பதில்லை, திசை மாறி மாறி ஓடும் ஏ.சி.தான் கொடுக்கிறார்கள். பிள்ளை மாடியில் கண்ட பச்சைக் கறையைத் தொழிற்சாலை எஞ்சினியரும் கண்டு, வழி தேடியிருக்கிறார்.

இப்படிக் கழற்றியும் மாட்டியும் படித்தவருக்குத் தமிழ்நாட்டில் பெரிய முன்னோடி உண்டு. 1893-இல் பிறந்த கோவை ஜி.டி. நாயுடுவுக்குப் பள்ளிப் படிப்பு சொற்பம். ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதையே விலைக்கு வாங்கிப் பிரித்துப்போட்டு மறுபடி கோத்தவர். பின்னாளில் பஸ் நிறுவனம் நடத்தியதும், இந்தியாவிலேயே மின்மோட்டார் தயாரிப்பதில் முன்கை எடுத்ததும் அந்தப் பிரித்துப்பார்க்கும் கையால்தான். குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்த அரவிந்த் குப்தாவும், 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திவரும் 'துளிர்' இதழும் நம் காலத்தில் இந்த வழிக்குத் துணை நிற்பவை. நீர்மட்டக் கருவிக்கு அடுத்து என்ன என்று தேடுகிறவர்கள் இந்த இரண்டு பக்கமும் போகலாம்.

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கச் சட்டம் இடம் தருமா என்று பலர் கவலைப்படுகிறார்கள். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளின் பள்ளிக் கல்வியைப் பற்றியது. வீட்டில் படிப்பதைப் பற்றி அதில் தனியாக எதுவும் இல்லை. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் பலர் என்.ஐ.ஓ.எஸ். என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுதுகிறார்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் இந்தக் கருவி ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.

கருவியைப் பெரிதாக்க இடம் இருக்கிறது. கால், அரை, முக்கால், முழு என்று நான்கு மட்டத்துக்கு நான்கு டிரான்சிஸ்டர் வைக்கலாம். மாடியிலிருந்து கீழே இறக்க, வேண்டாமென்று கிடக்கிற லேன் கேபிள் துண்டு போதும். அதற்குள் எட்டு வயர்கள் இருக்கின்றன.

பெரியபாளையத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் ஷிப்டுக்குப் போகும் எலெக்ட்ரீஷியன்களுக்கும் பேனல் டெக்னீஷியன்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் இப்படிப் படிக்கிற பிள்ளை இருந்தால், வார லீவில் ஒரு மணி நேரம் மல்டிமீட்டரோடு அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள். கோளாறு எங்கே என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அடுத்து எந்தப் புள்ளியை அளப்பாய் என்று மட்டும் கேளுங்கள்.