கம்ப்யூட்டரில் இருந்த ‘மெயில்’ ஆப் போச்சு... அடுத்து எதற்கு மாறுவது?

“மாப்ள, பொட்டியில மெயிலைக் காணோம். திறந்தா வேற என்னமோ வருது. மறுபடியும் எல்லாம் போச்சா?”

2025 ஜனவரி முதல் வாரத்தில் மாமாவிடமிருந்து வந்த போன் இது. பழங்காநத்தம் தாண்டி திருப்பரங்குன்றம் போகிற ரோட்டில், பசுமலையில் சின்னதாக ஒரு வரி ஆலோசனை ஆபீஸ் வைத்திருக்கிறார். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு உதவியாளர். கடைக்காரர்கள் பில் அனுப்புவதும், இவர் ஜிஎஸ்டி ரிட்டர்ன் நகலை அனுப்பிவைப்பதும் மெயிலில்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திட்டுவார்.

“மறுபடியும்” என்று அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் நடந்தது என்ன?

விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குத் தெரியும்: கூடவே ‘மெயில்’ என்ற பெயரில் ஒரு எளிமையான ஆப் வரும். பக்கத்தில் ‘காலண்டர்’. ஜிமெயில், யாஹூ, சொந்த டொமைன் முகவரி என எதைக் கொடுத்தாலும் சத்தமில்லாமல் வேலை செய்யும். இந்த ஆப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அதிலிருந்து மெயில் அனுப்பவோ பெறவோ முடியாது. அதற்குப் பதிலாகப் ‘புதிய அவுட்லுக்’ என்ற ஆப்பைக் கொடுத்தார்கள். அறிவிப்பெல்லாம் முன்கூட்டியே வந்ததுதான். ஆனால் மேலே வருகிற மஞ்சள் பட்டையை யார் படிக்கிறார்கள்? மாமா படிக்கவில்லை. நானும் படித்திருக்க மாட்டேன்.

“சார், போன்லயே ஜிமெயில் இருக்கு, இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர்ல தனியா ஒரு ப்ரோக்ராம்?” என்று கேட்பவர்களுக்கு: ஒரே ஒரு ஜிமெயில் முகவரிதான் என்றால் தேவையே இல்லை, பிரவுசர் போதும். ஆனால் ஆபீஸ் முகவரி ஒன்று, சொந்த முகவரி ஒன்று, சைடு பிசினஸுக்கு ஒன்று என்று வைத்திருப்பவர்களுக்கு எல்லாம் ஒரே ஜன்னலில் தெரிவது பெரிய நிம்மதி. நெட் இல்லாத நேரத்திலும் பழைய மெயிலைத் தேடி எடுக்கலாம். முக்கியமாக, மெயில்களின் ஒரு பிரதி நம் கையில் இருக்கும்.

மாமா மாதிரி ஆட்களுக்கு அது சும்மா வசதி மட்டும் இல்லை. ஜிஎஸ்டி சட்டப்படி, கணக்கு ஆவணங்களை ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். பதிவு செய்தபோது கொடுத்த மெயில் முகவரிக்கு நோட்டீஸ் வந்தாலே அது முறையாகச் சார்பு செய்ததாகத்தான் அதே சட்டம் எடுத்துக்கொள்ளும். “மெயில் ஆப் வேலை செய்யலைங்க” என்று அதிகாரியிடம் சொல்லி நழுவ முடியாது.

2018-ல் போனது எப்படி, 2025-ல் பிழைத்தது எப்படி?

இப்போது அந்தப் பழைய காயம். 2012 வாக்கில் மாமா வாங்கிய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் ‘விண்டோஸ் லைவ் மெயில்’ என்ற ப்ரோக்ராம் இருந்தது. அவருக்கு அது உயிர். அதற்கும் 2017 ஜனவரி 10-ஆம் தேதி ஆதரவு நின்றது. நின்ற பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவரும் விடவில்லை. 2018-ல் கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ ஆகிவிட்டதென்று ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தார். அவர்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டி டிரைவ் எல்லாவற்றையும் பொறுப்பாக காப்பி எடுத்துவிட்டு ஃபார்மட் போட்டார்கள். திரும்பி வந்த கம்ப்யூட்டரில் கல்யாண போட்டோ கூட இருந்தது. ஆறு வருட மெயில் இல்லை.

ஏன்? லைவ் மெயில் தன் கடிதங்களை ‘ஆப்டேட்டா’ என்ற மறைக்கப்பட்ட ஃபோல்டருக்குள் வைத்திருக்கும். சாதாரணமாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. கடைக்காரர் கண்ணிலும் படவில்லை.

சரி, சர்வரில் இருக்குமே? அதுவும் இல்லை. இங்கேதான் இரண்டு வார்த்தைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பாப், ஐமேப். மெயில் ப்ரோக்ராமும் சர்வரும் பேசிக்கொள்ளும் இரண்டு முறைகள் இவை. பாப் என்பது தபால்காரர் கொண்டுவந்து வீட்டில் போட்டுவிட்டுப் போவது மாதிரி. கடிதம் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். சர்வரில் நகல் இருக்குமா என்பது ஒரே ஒரு டிக் மார்க்கைப் பொறுத்தது. மாமாவின் டொமைன் முகவரிக்கு ஹோஸ்டிங்கில் இடம் குறைவு, நிறைந்துகொண்டே இருந்தது என்பதால் யாரோ ஒரு நாள் அந்த டிக்கை எடுத்துவிட்டிருக்கிறார்கள். ஆகக் கடிதம் இருந்த ஒரே இடம் அந்த ஹார்டு டிஸ்க்.

ஐமேப் அப்படியல்ல. மெயில் சர்வரிலேயே இருக்கும், ப்ரோக்ராம் அதைக் காட்டும். கம்ப்யூட்டரில் படித்தால் போனிலும் படித்ததாகக் காட்டும். 2018-க்குப் பிறகு வாங்கிய கம்ப்யூட்டரில் நான்தான் உட்கார்ந்து எல்லா முகவரிகளையும் ஐமேப்பாக மாற்றிக் கொடுத்தேன், ஹோஸ்டிங்கில் இடத்தையும் கூட்டினோம். அதனால்தான் 2025-ல் ‘மெயில்’ ஆப் போனபோது ஒரு கடிதம்கூடப் போகவில்லை. போனில் இதைச் சொன்னபோது மாமா நம்பவில்லை. பிரவுசரில் லாகின் பண்ணி 2019 ஜூன் மாத மெயிலைக் காட்டிய பிறகுதான் காபி குடித்தார்.

இதைத்தான் நீங்களும் முதலில் செய்ய வேண்டும். எந்தப் புது ஆப் நல்லது என்று யூடியூப் பார்ப்பதற்கு முன்னால், பிரவுசரில் உங்கள் ஒவ்வொரு முகவரிக்குள்ளும் போய் இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய மெயில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பயமில்லை, ஆப் வெறும் ஜன்னல்தான். இல்லையென்றால், உங்கள் கடிதங்கள் அந்தப் பழைய ப்ரோக்ராமுக்குள் மாட்டியிருக்கின்றன. அதை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள், கம்ப்யூட்டரை ஃபார்மட்டுக்குக் கொடுக்காதீர்கள். மூடப்பட்ட ‘மெயில்’ ஆப்பில் உள்ளூரில் சேமித்தவற்றை எக்ஸ்போர்ட் செய்ய வழி விட்டிருப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. முதல் வேலை அது.

சரி, எதற்கு மாறுவது?

கையில் திணிக்கப்படுவது புதிய அவுட்லுக். இலவசம், பார்க்க அழகு. இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். இலவசமாகப் பயன்படுத்துபவர்களுக்கு இன்பாக்ஸிலேயே விளம்பரம் வரும், பார்ப்பதற்கு ஒரு மெயில் மாதிரியே இருக்கும். இரண்டாவது, ஜிமெயில் போன்ற வேறு நிறுவனக் கணக்கை அதில் சேர்த்தால், உங்கள் மெயில், காலண்டர், தொடர்பு விவரங்களின் பிரதி மைக்ரோசாஃப்ட் கிளவுடோடு ஒத்திசைக்கப்படும். இதை அவர்களே சொல்கிறார்கள், ஒளித்து வைக்கவில்லை. உங்கள் சொந்த மெயிலுக்கு இது பெரிய விஷயமில்லாமல் இருக்கலாம். ஆனால் ஊரார் கணக்கு வழக்கை மெயிலில் வைத்திருப்பவர் யோசிக்கத்தான் வேண்டும். மாமா யோசித்தார், வேண்டாம் என்றார்.

பழைய அவுட்லுக், அதாவது ஆஃபீஸ் தொகுப்போடு காசு கொடுத்து வாங்குவது, வேறு. அதற்கு 2029 வரையாவது ஆதரவு உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை. ஆனால் லேப்டாப்போடு பலருக்கும் வந்தது ‘ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்’ பதிப்பு. அதில் வேர்டு, எக்செல் இருக்கும், அவுட்லுக் இருக்காது. “ஆஃபீஸ் இருக்கே, அவுட்லுக் எங்கப்பா?” என்று தேடுபவர்களுக்கு இதுதான் விடை.

நாங்கள் போனது தண்டர்பேர்டுக்கு. 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்த, ஃபயர்ஃபாக்ஸ் குடும்பத்து ப்ரோக்ராம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விளம்பரம் கிடையாது, பயனர்களின் நன்கொடையில் நடக்கிறது. ‘இதுவும் ஒரு நாள் மூடிட்டா?’ என்ற கேள்வி நியாயமானது. ஏனென்றால் 2012-ல் மொசில்லாவே இதில் இனிப் புதிய வளர்ச்சிக்குப் பெரிதாக ஆள் போட மாட்டோம் என்று கையை விரித்தது. அப்போது பலர் இதற்கு இரங்கல் எழுதிவிட்டார்கள். ஆனால் செத்துப்போகவில்லை. 2020 முதல் மொசில்லாவின் கீழ் தனி நிறுவனமாக நடக்கிறது, 2023-ல் தோற்றத்தையே புதுப்பித்தார்கள், 2024-ல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது.

இருந்தாலும் நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இது நிலைக்கும் என்ற நம்பிக்கை அல்ல. கடிதங்களை ‘எம்பாக்ஸ்’ என்ற பொது வடிவத்தில் வைக்கிறது, வேறு ப்ரோக்ராம்களும் அதைப் படிக்கும். மொத்த மெயிலும் செட்டிங்கும் ஒரே ஃபோல்டரில் இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று உதவி மெனுவிலிருந்தே போய்ப் பார்க்கலாம். அதாவது வெளியேறும் வழி உள்ளே நுழையும்போதே தெரிகிறது.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 90-களில் இன்டர்நெட் வந்தபோது உலகம் முழுக்கப் பலரும் பயன்படுத்திய ‘யூடோரா’ என்ற மெயில் ப்ரோக்ராம் 1988-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் எழுதியது. (தபால் ஆபீஸில் குடியேறிவிடும் பெண்ணைப் பற்றிக் கதை எழுதிய எழுத்தாளர் யூடோரா வெல்ட்டியின் பெயரைத்தான் வைத்தார்.) பிறகு குவால்காம் கைக்குப் போய், 2006-ல் விற்பனைப் பதிப்பு நின்றுபோனது. கலிஃபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் ஐந்து வருடம் பேசி, 2018-ல் அதன் மூல நிரலை வெளியிட்டது. ப்ரோக்ராம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆனால் அது மெயிலைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்திருந்ததால், அன்றைய கடிதங்களை இன்றைக்கும் திறந்து படிக்கலாம்.

‘இஎம் கிளையன்ட்’ என்ற ஒன்றும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் இலவசப் பதிப்பு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்தான், ஆபீஸுக்கு என்றால் காசு.

“நம்ம ஜோஹோ இருக்குல்ல?”

இந்தக் கேள்வியை மாமா மட்டுமல்ல, எங்கள் டெஸ்க்கிலேயே மூன்று பேர் கேட்டார்கள். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்ட கம்பெனி, மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில் அவர்கள் தளத்துக்கு மாறியதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது, பெருமைதான். ஆனால் இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. ஜோஹோ மெயில் என்பது முதன்மையாகத் தபால் பெட்டி, அதாவது ஜிமெயில் மாதிரி மெயில் வைக்கிற இடம். தண்டர்பேர்ட் என்பது பெட்டியைத் திறந்து பார்க்கிற ஜன்னல். மூடப்பட்டது ஜன்னல் என்றால் பெட்டியையே மாற்ற வேண்டியதில்லை. சொந்த டொமைன் முகவரிக்கு நல்ல இடம் தேடுகிறீர்கள் என்றால் ஜோஹோவைத் தாராளமாகப் பாருங்கள். டெஸ்க்டாப் ஆப்பும் தருகிறார்கள். ஆனால் இலவசத் திட்டத்தில் ஐமேப் வசதி கிடையாது, கட்டணத் திட்டத்தில்தான். பைசா கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாறும்போது மறந்துபோவது

தண்டர்பேர்டைப் போட்டு முகவரியைக் கொடுத்தால், ஐமேப்பா பாப்பா என்று காட்டும். ஐமேப்பிலேயே விடுங்கள். ஜிமெயில் என்றால் கூகுள் லாகின் ஜன்னல் ஒன்று திறக்கும், பயப்பட வேண்டாம். தனிநபர் கணக்குகளில் பாஸ்வேர்டை நேரடியாகக் கொடுத்து நுழையும் பழைய முறையை 2022 மே 30-லேயே கூகுள் நிறுத்திவிட்டது. முதல் தடவை எல்லா மெயிலும் இறங்க நேரமாகும். மாமா ஆபீஸில் ஒரு ராத்திரி முழுக்க ஓடியது.

மெயில் தானாக வந்துவிடும். வராதவை: கீழே போடும் கையொப்பம், ‘இவரிடமிருந்து வந்தால் இந்த ஃபோல்டருக்கு’ என்ற விதிகள், இரண்டு எழுத்து தட்டினால் முழு முகவரியையும் காட்டும் அந்தப் பட்டியல். கடைசியாகச் சொன்னதுதான் மாமாவை ரொம்பக் கடுப்பேற்றியது. தொடர்பு முகவரிகளைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, ஐமேப் என்பது பேக்கப் அல்ல. போனில் தெரியாமல் டெலீட் பண்ணினால் கம்ப்யூட்டரிலும் போய்விடும். அதனால் வருடம் முடிந்த மெயில்களை ‘லோக்கல் ஃபோல்டர்’ என்ற பகுதிக்குக் காப்பி செய்கிறோம். காப்பி, மூவ் அல்ல. மூவ் செய்தால் சர்வரிலிருந்து போய், 2018 கதைக்கே திரும்பிவிடுவோம். பிறகு தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த மொத்த ஃபோல்டரையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு பிரதி.

இதற்கான பரீட்சை சீக்கிரமே வந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அவருடைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை, புதுசு வாங்கினார். இந்தத் தடவை நான் போகவில்லை. முகூர்த்த நாள், திருப்பரங்குன்றம் ரோட்டில் வண்டி நகராது. உதவியாளரே அந்த ஃபோல்டரைக் கொண்டுபோய்ப் புது கம்ப்யூட்டரில் வைத்தார். போனில் நான் வழி சொன்னேன். திறந்தபோது கையொப்பம் உட்பட எல்லாம் அப்படியே இருந்தது.

2012-லிருந்து 2018 வரைக்குமான மெயில்கள் மட்டும் வரவே இல்லை. போன மாதம் ஒரு பழைய வாடிக்கையாளர், 2016-ல் தான் அனுப்பிய கிரயப் பத்திர நகலைக் கேட்டு வந்தார். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உங்க சென்ட் ஐட்டம்ஸ்ல பாருங்கண்ணே, உங்ககிட்ட இருக்கும்” என்றார். அவர் அப்போது பயன்படுத்தியதும் லைவ் மெயில்தானாம்.