கிரகணமும் ஸஃபரும்: கேட்டு வளர்ந்த கதைகளும் மார்க்கத்தின் தீர்ப்பும்

 

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் பிறந்து வளர்ந்த நம்மில் பலரும் சில சொற்களைக் கேட்டே வளர்ந்திருப்போம். ‘கிரகண நேரத்தில் கர்ப்பிணி கத்தியைத் தொடக் கூடாது, தொட்டால் குழந்தை உதடு பிளந்து பிறக்கும்’ என்பார்கள். ‘ஸஃபர் பீடை மாதம், அதில் நிக்காஹ் வைக்காதே’ என்பார்கள். நம் மீதுள்ள பாசத்தினால் பெரியவர்கள் சொன்னவை இவை. ஆயினும் பாசத்தோடு சொல்லப்பட்டது என்பதனாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி, பிளவுபட்ட உதட்டோடு பிறந்த கைக்குழந்தையை முந்தானையால் மூடியபடி, துஆச் செய்யுமாறு கேட்டுப் பள்ளிவாசல் வாயிலுக்கு வந்தார். “ஹஜ்ரத், கிரகணத்தன்று காய் நறுக்கியிருப்பாய் என்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் நினைவே இல்லை. நான் என்ன பாவம் செய்தேன்?” என்று கேட்டு அழுதார். ‘கிரகண மூளி’ என்ற ஒரு சொல், பெற்றவளையே குற்றவாளியாக நிறுத்திவிட்டது. சகோதரர்களே! இந்தப் பழிக்கு ஆதாரம் எங்கே?

கி.பி. 632இல் மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மழலைப் பருவத்திலேயே இறந்தார். அன்று சூரிய கிரகணமும் ஏற்பட்டது. இப்ராஹீமின் மரணத்திற்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசினார்கள். தம் பெருமையை உயர்த்தும் பேச்சாயிற்றே என்று அண்ணலார் வாளாவிருந்தார்களா? இல்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அவை மறைவதில்லை என்றும் அறிவித்தார்கள். அதைக் காணும்போது தொழுமாறும், துஆச் செய்யுமாறும், தர்மம் செய்யுமாறும் பணித்தார்கள். மகனை இழந்த துயரத்திலும் ஒரு பொய் நம்பிக்கைக்கு அவர்கள் இடம் தரவில்லை.

கிரகணம் என்பது என்ன? சூரியனுக்கும் பூமிக்கும் இடையே சந்திரன் வரும்போது அதன் நிழல் பூமியில் விழுகிறது. 2019 டிசம்பர் 26 அன்று காலையில் நம் மாவட்டத்தில் தெரிந்த கிரகணத்தின் நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. 2027 ஆகஸ்ட் 2ஆம் நாளுக்குரிய கிரகணம் மக்காவில் முழுமையாகத் தெரியும் என்பதும் கணக்கிடப்பட்டிருக்கிறது. இப்படிக் கணக்கிற்கு உட்பட்டு நகரும் நிழல், கருவிலுள்ள குழந்தையைத் தேடி வந்து தீண்டுமா?

குழந்தையின் மேலுதடு, கருவுற்ற முதல் இரண்டு மாதங்களுக்குள் உருவாகிவிடுகிறது. அப்போது இரு பக்கத் திசுக்களும் முழுமையாக இணையாவிடில் பிளவு ஏற்படுகிறது. பரம்பரைக் கூறுகளும், புகைப்பழக்கமும், சில மருந்துகளும் இதற்குக் காரணமாகலாம். பல வேளைகளில் காரணம் புலப்படுவதும் இல்லை. பெரும்பாலும் சில மாதக் குழந்தைக்கே அறுவை சிகிச்சை செய்து இதைச் சீராக்குகிறார்கள். 2013இல் தொடங்கப்பட்ட அரசின் சிறார் நலத் திட்டத்திலும் இக்குறை சேர்க்கப்பட்டுள்ளது. அந்தச் சகோதரியிடம் நான் சொன்னதும் இதைத்தான்: “அம்மா, உங்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. துஆச் செய்வோம், குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள்.”

பெரியவர்கள் சொன்ன அனைத்தும் பிழை என்று கூறவில்லை. கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்காதே என்றார்கள், அது உண்மை. சூரிய ஒளி விழித்திரையைப் பழுதாக்கிவிடும். ஆனால் கர்ப்பிணியை மணிக்கணக்கில் இருட்டறையில் பட்டினி போடுவது அவளுக்குத் தீங்கே அன்றிப் பாதுகாப்பு அன்று.

இனி, ஸஃபர் மாதத்தைப் பாருங்கள். பறவையை வைத்துச் சகுனம் பார்ப்பதும், ஸஃபரைப் பீடையாகக் கருதுவதும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்திவிட்டார்கள். அக்கால அரபிகள் ஷவ்வால் மாதத்துத் திருமணத்தை அபசகுனமாகக் கருதினர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ, தம் திருமணம் ஷவ்வாலில்தான் நடந்தது என்று சொல்லி அதை மறுத்தார்கள். அப்படியிருக்க, ஒடுக்கத்துப் புதன் என்று மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடிப்பதற்கு எங்கிருந்து ஆதாரம் வந்தது?

நம் கண்முன் நடந்ததையே எண்ணிப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி, நம் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அது ஸஃபர் மாதமும் அன்று, புதன்கிழமையும் அன்று. துல்கஃதா மாதத்து ஞாயிற்றுக்கிழமை! பிச்சாவரம் பகுதியில் அலையின் வேகத்தைத் தணித்தவற்றுள் அங்கிருந்த சதுப்புநிலக் காடும் ஒன்று. அதன் பின்னரே, 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபியவர்கள் கற்பித்தார்களே, அந்தத் தவக்குலின் பொருள் இதுவன்றோ!

எனவே, வீட்டிலுள்ள மூத்தோரிடம் இவற்றைக் கனிவோடு எடுத்துரையுங்கள். அவர்களைக் கேலி செய்யாதீர்கள். அவர்களும் கேட்டதைத்தான் சொன்னார்கள். பிள்ளைகளுக்குக் கிரகணத் தொழுகையைக் கற்றுக்கொடுங்கள். குறையோடு பிறந்த குழந்தையின் தாயைக் கண்டால், காரணம் கேட்காமல் ஆறுதல் கூறுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை வீண் அச்சங்களிலிருந்து காப்பானாக! ஆமீன்.