டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைக் கவனியுங்கள்

சென்னைக்கும் மதுரைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். ஜெட் விமானம் வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம் சொச்சம். டிக்கெட்டிலோ பெரும்பாலும் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருக்கும். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, மறுமுனையில் அதன் இடத்தில் வந்து நிற்கும்வரை உள்ள கணக்கு அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பதும் இதில் சேரும். விமானத் துறையில் இதை ‘பிளாக் டைம்’ என்பார்கள்.

விமானம் ரத்தானால் பயணியின் இழப்பீட்டை அளப்பது இந்த நேரம்தான். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி பிளாக் டைம் 1 மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய். 2 மணி நேரம் வரை 7,500. அதற்கு மேல் 10,000. ஆகவே மதுரைப் பயணி “முக்கால் மணி நேரப் பயணம்தானே” என்று 5,000 வரம்புக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

ஒரு கொக்கி உண்டு. இந்தத் தொகை, அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் கைக்கு வரும். அவை சேர்ந்து 2,800 என்றால் இழப்பீடும் 2,800தான். குறுந்தூரப் பயணிக்கு 7,500 பெரும்பாலும் காகிதத்தில்தான். டிக்கெட் பணம் திரும்பக் கிடைப்பதோ மாற்று விமானமோ தனி உரிமை. இழப்பீட்டைக் காட்டி அதை மறுக்க முடியாது.

24 மணி நேரத்துக்கு முன்பே ரத்துத் தகவல் சொல்லிவிட்டால் இழப்பீடு இல்லை. புயல், மூடுபனி போல நிறுவனத்தின் கையை மீறிய காரணங்களுக்கும் இல்லை. அதனால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. நிறுவனமே காரணமாகும் ரத்துகளும் உண்டு. 2025 டிசம்பரில் விமானிகளின் பணிநேர விதிகளுக்கேற்பத் திட்டமிடாததால் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. மற்ற நிறுவனங்களின் கட்டணம் எகிறியது. அப்போது அரசு தூரத்தை வைத்துக் கட்டண உச்சவரம்பு போட்டது: 500 கிலோமீட்டர் வரை, வரிகள் நீங்கலாக, 7,500 ரூபாய். சென்னை–மதுரை அதற்குள் அடங்கியது.

தாமதத்துக்கு ரொக்க இழப்பீடு கிடையாது. பலரும் ஏமாறுவது இங்கேதான். இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்தில் 2 மணி நேரத் தாமதத்துக்குச் சாப்பாடு. 6 மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம்.

மதுரையிலிருந்து சென்னை வந்து சிங்கப்பூர் விமானம் பிடிப்பவர்கள் இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் முழு டிக்கெட்டும் போய்விடும்.

உரியது கிடைக்காவிட்டால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வப் புகார். பதில் சரியில்லை என்றால் ‘ஏர்சேவா’ தளம் அல்லது 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மதுரைக்காரர் மதுரையிலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை.