குதிரைமலை: காற்று குவித்த செங்குன்று

இலங்கையில் மலை பார்க்கப் புறப்படுபவர்கள் சிவனொளிபாதமலைக்கோ நக்கிள்ஸ் தொடருக்கோ போவார்கள். புத்தளம் மாவட்டக் கடற்கரையின் வடகோடியில், வில்பத்து தேசியப் பூங்காவுக்குள், மலை என்று பெயர் பெற்ற ஓர் இடம் இருப்பது பலருக்குத் தெரியாது. அது குதிரைமலை. கடலை ஒட்டிச் செங்குத்தாக எழும் செம்மண் மேடு. உயரத்தில் மலைநாட்டுச் சிகரங்களுக்கு அது ஈடாகாது. ஆனால் கடல் ஏறி இறங்கிய வரலாறும், காற்று மணலைக் குவித்த வரலாறும் இங்கே வெறுங்கண்ணுக்கே தெரியும்படி திறந்து கிடக்கின்றன.

புத்தளத்திலிருந்து வடக்கே இலவன்குளம் வரை வந்து, கலா ஓயாவைக் கடந்தால் காடு தொடங்கிவிடும். அனுராதபுரம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ஹுனுவிலகம வாயில் இருக்கிறது. எப்படி வந்தாலும் ஜீப்பில்தான் பயணம். சிறுத்தை, கரடி, யானை வாழும் காட்டில் இறங்கி நடக்க முடியாது. இறங்கிக் கால் பதிக்க விடும் மிகச் சில இடங்களில் குதிரைமலையும் ஒன்று.

வழி நெடுக வில்லுகள் வரும். நடுவே நீர், சுற்றிலும் புல், அதற்கப்பால் மணற்கரை, பிறகு காடு என்று அமைந்த இயற்கைக் குளங்கள் அவை. யாரும் அணை கட்டவில்லை, பெரும்பாலானவற்றுக்கு ஆறும் வந்து சேர்வதில்லை. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழைதான் அவற்றை நிரப்புகிறது. இவை ஏன் இங்கே உருவாயின என்பதற்கு விடை மண்ணுக்கடியில் இருக்கிறது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய படிகப் பாறையால் ஆனது. புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரையிலான வடமேற்குக் கரையோரம் அப்படியல்ல. மயோசீன் காலத்தில், அதாவது 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன ஒரு யுகத்தில், ஆழமற்ற கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் இது. அறுவக்காட்டில் சிமெந்துக்காக வெட்டி எடுக்கப்படுவதும் இதே கல்தான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்பைக் கரைக்கிறது. இப்படிக் கரைந்து தாழ்ந்த பள்ளங்களே வில்லுகள் என்பது புவியியலாளர் தரும் விளக்கம்.

இந்தச் சுண்ணாம்புக்கல்லின் மேல் போர்த்தியிருப்பதுதான் செம்மண். குதிரைமலையின் கடலோர விளிம்பில் நின்றால், கீழே நீலக் கடல், காலடியில் செம்பு நிற மண். கையில் அள்ளினால் நிறம் விரலில் ஒட்டும். இளவரசன் விஜயனுடன் வந்து கரையிறங்கியவர்களின் கைகள் மண் பட்டுச் சிவந்தன என்கிறது மகாவம்சம். அந்தக் கரை இதுவே என்று சொல்வோரும் உண்டு.

இந்த மண் பிறக்கும்போதே சிவப்பாக இருந்ததில்லை. பெரும்பகுதி சாதாரணக் குவார்ட்ஸ் மணல்தான். அதனுடன் கலந்திருக்கும் இல்மனைட், மாக்னடைட் போன்ற கனிமங்களில் இரும்பு உண்டு. மழையும் வெயிலும் மாறிமாறி வர, அந்த இரும்பு மெல்லச் சிதைந்து ஒட்சியேற்றம் அடைகிறது. ஆணி துருப்பிடிப்பதும் இதே மாதிரிதான். அந்த இரும்பு ஒட்சைட்டு ஒவ்வொரு மணல் துகளின் மீதும் மெல்லிய பூச்சாகப் படிந்து நிறம் தருகிறது.

மணலைக் கொண்டுவந்து குவித்தது காற்று. பனியுகங்களில் உலகின் நீர் துருவங்களிலும் கண்டங்களிலும் பனிக்கட்டியாக முடங்கியபோது கடல்மட்டம் தாழ்ந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக்கு நீரிணை தரையாகி, இலங்கையும் இந்தியாவும் ஒட்டிக்கிடந்தன. மன்னார் வளைகுடாவின் இரு ஓரங்களிலும் கடலடி மணல் வெளியே வந்து காய்ந்தது. அப்படிக் காய்ந்த மணலைக் காற்று உள்ளே ஓட்டி மேடாக்கியது.

எதிர்க்கரையிலும் இதே காட்சி இருக்கிறது. சுமார் 200 கிலோமீட்டர் மேற்கே, திருச்செந்தூர்ப் பக்கத்தில் குதிரைமொழித் தேரி. பனையும் முந்திரியும் நிற்கும் அந்தச் செம்மணல் மேடுகளும் காற்று குவித்து, இரும்பு சிவக்க வைத்தவையே. சாயர்புரம் போன்ற தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் ஃபிரெடரிக் சொய்னரும் பிரிஜெட் ஆல்சினும் 1956இல் எழுதினார்கள். இலங்கையின் தென்கரையில் புந்தலவில் இதே வகைச் செம்மண்ணிலிருந்து தொல்லியலாளர் சிரான் தெரணியகல எடுத்த நுண்கற்கருவிகளின் வயது சுமார் 28,000 ஆண்டுகள். மணலின் வயதை அறியும் வழி இது: வெயில் படாமல் புதைந்த மணல் துகள், சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சைச் சேமித்து வைக்கிறது. ஆய்வகத்தில் சூடேற்றினாலோ ஒளி பாய்ச்சினாலோ, சேமித்ததை ஒளியாக வெளிவிடுகிறது. அந்த ஒளியின் அளவிலிருந்து, துகள் எவ்வளவு காலமாகப் புதைந்து கிடக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

பிற்கால மனிதரும் இங்கே தடம் விட்டிருக்கிறார்கள். பூங்காவின் பொம்பரிப்பில் தோண்டி எடுக்கப்பட்ட ஈமத்தாழிகள் எதிர்க்கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை. குளோடியஸ் பேரரசர் காலத்தில், அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் ஆள் ஒருவர் காற்றால் இழுபட்டு வந்து ஹிப்புரோஸ் துறைமுகத்தை அடைந்ததாக ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். அந்தத் துறைமுகம் குதிரைமலையே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

இவ்வளவையும் தாங்கி நிற்கும் இந்த மேடு பாறையல்ல. துகளுக்குத் துகள் பிடிப்புக் குறைந்த மணல். அடியில் அலை அறுக்க, மேலே மழை வாய்க்கால் வெட்ட, விளிம்பு உள்வாங்கும். செடிகொடிகளின் வேர்தான் மேற்பரப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆட்கள் மிதித்து அது பட்டுப்போனால் அடுத்த மழையே மண்ணைக் கடலுக்குக் கொண்டுபோகும். கரைந்த மண் திரும்பி வராது. இன்னொரு பனியுகம் வந்து கடல் இறங்கும்வரை, இதைக் கட்டிய காற்றுக்கு மணல் கிடைக்கப்போவதில்லை.

1938இல் வில்பத்து தேசியப் பூங்காவானது; 2013இல் அதன் ஈரநிலங்கள் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. சட்டம் விலங்கையும் நீரையும் காக்கிறது. மண்ணைக் காப்பது போகிறவர்கள் கையிலும் இருக்கிறது. தடத்தை விட்டு விலகாமல் நடக்கலாம். விளிம்பிலிருந்து தள்ளி நிற்கலாம். ஒரு சிட்டிகை செம்மண்ணைக்கூடப் போத்தலில் அடைத்துக் கொண்டுவராமல் இருக்கலாம். அறிஞர்கள் செய்ய வேண்டியதும் உண்டு: குதிரைமலையின் மண்ணையும் குதிரைமொழியின் மண்ணையும் ஒரே முறையில், இரு கரை ஆய்வாளர்களும் சேர்ந்து, அடுக்கடுக்காக வயது கணிக்க வேண்டும். ஒரே கடலும் ஒரே காற்றும் எழுதிய வரலாற்றை அப்போதுதான் முழுதாகப் படிக்க முடியும்.