சப்வூஃபர் பெட்டி: லிட்டர் முதலில், சென்டிமீட்டர் பிறகு

சப்வூஃபரின் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நேரத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இவ்விரு அலைகளும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். வெறுமனே கையில் பிடித்த ஸ்பீக்கரில் பேஸ் எடுபடாததற்குக் காரணம் இதுதான். பெட்டி பின்பக்க அலையை அடைத்து வைக்கிறது. உள்ளிருக்கும் காற்றோ கூம்புக்கு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. பெட்டி சிறியதானால் அந்த ஸ்பிரிங் விறைக்கும், பெரியதானால் தளரும். ஆகவே பெட்டியின் கொள்ளளவைத் தீர்மானிப்பது ஸ்பீக்கர்தான். அறையில் இருக்கும் இடமோ பலகையின் அளவோ அல்ல.

இந்தத் தொடர்பைக் கணக்கில் அடக்கியவர்கள் இருவர். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட கட்டுரையும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் நடத்திய ஆய்வும்தான் இன்றைய பெட்டி வடிவமைப்புக்கு அடிப்படை. ஸ்பீக்கருடன் வரும் தாளில் 'தீல்–ஸ்மால் அளவைகள்' என்று இருப்பவற்றில் மூன்று முக்கியமானவை: ஸ்பீக்கரின் இயல்பு அதிர்வெண்ணான எஃப்.எஸ், கூம்பின் தொங்கலுக்குச் சமமான மீள்தன்மை கொண்ட காற்றின் அளவான வி.ஏ.எஸ், அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் க்யூ.டி.எஸ்.

எடுத்துக்காட்டாக, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்கு எஃப்.எஸ் 28 ஹெர்ட்ஸ், வி.ஏ.எஸ் 70 லிட்டர், க்யூ.டி.எஸ் 0.45 என்று கொள்வோம். மூடிய பெட்டியில் ஒலி மேடு தட்டாமல் சீராக இறங்க, பெட்டியோடு சேர்ந்த க்யூ 0.707 ஆக இருக்க வேண்டும். 0.707ஐ 0.45ஆல் வகுத்தால் 1.571, அதன் வர்க்கம் 2.468, ஒன்றைக் கழித்தால் 1.468. எழுபதை இதனால் வகுத்தால் ஏறக்குறைய 48 லிட்டர். பெட்டிக்குள் ஸ்பீக்கரின் அதிர்வெண் 28 × 1.571, அதாவது 44 ஹெர்ட்ஸுக்கு உயரும்.

இந்த 48 லிட்டர் நிகரக் காற்று. காந்தமும் சட்டகமும் 2.5 லிட்டர், உள்ளே வைக்கும் தாங்குகட்டைகள் 1.5 லிட்டர் இடத்தைப் பிடித்தால், மொத்தம் 52 லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் என்பது 1,000 கன சென்டிமீட்டர். உள்ளளவு 38 × 38 × 36 செ.மீ. என்று வைத்தால் கணக்கு சரியாக வருகிறது. வேறு விகிதமும் வைக்கலாம்; 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர் என்பதால் இந்த அளவுள்ள பெட்டியில் விகிதம் பெரிதாகப் பாதிக்காது. முன்பலகையில் ஸ்பீக்கர் அமர இடமும், பின்னால் காந்தம் முட்டாத ஆழமும் இருந்தால் போதும்.

18 மி.மீ. பிளைவுட்டில் ஒவ்வொரு அளவுக்கும் இருபுறத் தடிமனாக 3.6 செ.மீ. கூட்ட வேண்டும். முன்னும் பின்னும் 41.6 × 41.6 செ.மீ.யில் இரண்டு, பக்கங்களுக்கு 41.6 × 36 செ.மீ.யில் இரண்டு, மேலும் கீழும் 38 × 36 செ.மீ.யில் இரண்டு. உள்ளளவையே வெளியளவாக எண்ணி அறுத்துவிட்டால், பெட்டி 38 லிட்டராகச் சுருங்கும். க்யூ 0.78ஐ எட்டி, பேஸ் சற்றே மேடு தட்டும்.

குழாய் வைத்த பெட்டியில் கணக்கு மாறும். நிகரக் கொள்ளளவு 60 லிட்டர், இசைவு 32 ஹெர்ட்ஸ் என்றால், 10 செ.மீ. உள்விட்டக் குழாய்க்கு ஏறக்குறைய 31 செ.மீ. நீளம் தேவை. விட்டம் கூடினால் நீளமும் கூடும். குழாய் குறுகினால் காற்று சீறும். குழாய் அடைக்கும் 3 லிட்டர் அளவையும் மொத்தத்தில் சேர்க்க வேண்டும். இசைவுக்குக் கீழே கூம்புக்குக் காற்றின் பிடிப்பு இல்லாததால், தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டி அவசியம்.

மூடிய பெட்டியில் சிறு கசிவும் கணக்கைக் கெடுக்கும். மூட்டுகளை மரப்பசையால் ஒட்டி, உட்புற விளிம்புகளில் சிலிக்கான் பூச வேண்டும். ஸ்பீக்கரைப் பொருத்தியபின் கூம்பை விரல்களால் சமமாக மெல்ல அழுத்தி விட்டால், அது மெதுவாகத் திரும்ப வேண்டும். சட்டென்று எழும்பினால் எங்கோ காற்று கசிகிறது. பெரும்பாலும் ஒயர் நுழையும் துளையிலோ, ஸ்பீக்கர் விளிம்பின் அடியிலோ அது இருக்கும்.